திருமலை வீட்டில் கரண்டையும் கரியையும் குறைப்பது: மீட்டரில் தொடங்கிக் கூரை வரை

சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு திருகோணமலையில் பல வருடம் ஓடியது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனமும் கூட்டாகக் கட்டவிருந்த 500 மெகாவோட் நிலையம் அது. இடம்பெயர்ந்த சனம் தங்கள் காணிக்காகப் பேசியது. மீன்பிடிக்கிறவர்கள் கொட்டியாரக் குடாவுக்காகப் பேசினார்கள். சாம்பலையும் புகையையும் சொல்லிச் சூழல் அக்கறை உள்ளவர்களும் எதிர்த்தார்கள். 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது.

நிலக்கரி நம் ஊருக்கு வரவில்லை, சரி. ஆனால் நம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நாடு முழுவதற்கும் மின்வலையமைப்பு ஒன்றுதான். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலையம் எரிக்கும் நிலக்கரியும், கொழும்புப் பக்கம் எரியும் டீசலும் உலை எண்ணெயும், மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் தண்ணீரும், கூரைகளில் விழும் வெயிலும் சேர்ந்து வருவதுதான் உவர்மலையிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் நாம் சுவிச் போட்டதும் கிடைக்கும் கரண்ட். மழையைப் பொறுத்து இந்தக் கலவை கூடிக் குறையும். கையில் வைத்துக்கொள்ள ஒரு சுமாரான கணக்கு வேண்டுமென்றால், ஒரு யுனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். மாதம் 120 யுனிட் பாவிக்கும் வீடு மாதம் 60 கிலோ அளவுக்குப் புகை விடுகிறது.

இதைக் குறைக்க இரண்டு கேள்விகள் போதும். வீட்டில் எது சூடாக்குகிறது, எது குளிராக்குகிறது என்பது ஒன்று. அதை எந்த மணிக்குப் பாவிக்கிறோம் என்பது மற்றது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிக் கிட்டத்தட்ட யாருமே பேசுவதில்லை. நான் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப மணிக்கூட்டைக் காட்டப்போவது அதனால்தான்.

படி 1: மீட்டரோடு பழகுங்கள்

மாதக் கடைசியில் வரும் பில் ஒட்டுமொத்தத் தொகையைச் சொல்லும். எந்தப் பொருள் தின்றது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது வாசலில் தொங்கும் மீட்டர்தான்.

முதல் வேலையாக ஒரு கிழமைக்கு, தினமும் ஒரே நேரத்தில் வாசிப்பைக் குறித்துவையுங்கள். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால் நாளொன்றுக்கான யுனிட். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். எந்த நாள் கூடியது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: விருந்தாளி, உடுப்புத் தோய்ப்பு, ஏசி.

அப்புறம் தனித்தனிப் பொருட்களைச் சோதிக்கலாம். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அதன் அருகில் ஒரு யுனிட்டுக்கு எத்தனை தடவை எரியும் என்று அச்சிட்டிருக்கும். 1600 என்றோ 1000 என்றோ இருக்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோதிக்கவேண்டிய ஒன்றை மட்டும் போடுங்கள். ஒரு நிமிடத்தில் விளக்கு எத்தனை தடவை எரிகிறது என்று எண்ணுங்கள். அதை 60ஆல் பெருக்கி, மீட்டரில் அச்சிட்ட எண்ணால் வகுத்தால் கிலோவோட் கிடைக்கும். 1600 மீட்டரில் நிமிடத்துக்கு 16 தடவை எரிந்தால் 0.6 கிலோவோட், அதாவது 600 வோட். தண்ணீர் மோட்டர் ஒன்று ஏறத்தாழ இப்படித்தான் காட்டும். தட்டு சுற்றுகிற பழைய மீட்டராக இருந்தால் சுற்றை எண்ணுங்கள், கணக்கு அதேதான்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் விளக்கு எரிகிறதா? எங்கோ ஒன்று மறைந்து தின்கிறது. மறந்துபோன டிவி டெகோடராக இருக்கலாம், பழைய வயரிங்கில் கசிவாகவும் இருக்கலாம். டெகோடர் என்றால் பிளக்கைக் கழற்றினால் முடிந்தது. கசிவு என்று சந்தேகம் வந்தால் தெரிந்த வயரிங்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், அது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பில்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பு. மாதம் 60 யுனிட் வரை பாவிக்கும் வீட்டுக்கு ஒரு வரிசை, அதைத் தாண்டிய வீட்டுக்கு வேறு வரிசை. தாண்டிவிட்டால் முதல் யுனிட்டின் விலையே மாறிவிடும், மாதாந்த நிலைக்கட்டணமும் ஏறும். 65, 70 என்று எல்லையில் நிற்கும் வீடுகளுக்குக் கீழே சொல்லும் ஓரிரண்டு மாற்றங்களே பெரிய வித்தியாசம் காட்டும். 90, 120, 180 என்ற எல்லைகளையும் இதேபோலக் கவனியுங்கள்.

படி 2: மணிக்கூட்டைப் பாருங்கள்

பின்னேரம் 6.30இலிருந்து இரவு 10.30 வரையான நான்கு மணித்தியாலத்தை உச்ச நேரம் என்று வகுத்திருக்கிறார்கள். கடை, வீடு, கோயில், பள்ளிவாசல், தெருவிளக்கு எல்லாம் ஒன்றாக எரியும் நேரம். சூரியன் மறைந்துவிட்டதால் கூரைச் சோலாரின் பங்கு பூச்சியம். நீர் மின்னைத் திறந்துவிட்டும் போதாமல் டீசலும் உலை எண்ணெயும் எரியும் நிலையங்களை ஓட்டவேண்டி வரும். விலை கூடியதும் புகை கூடியதுமான மின்சாரம் இந்த நேரத்துக்கு உரியது.

பகல் கதை வேறு. 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகள் ஏறின. இன்று வெயில் நேரத்தில், குறிப்பாக ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும், தேவைக்கு மேல் மின்சாரம் வருகிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாட்டையே இருளாக்கியபோது, தேவை குறைந்து சோலார் கூடியிருந்த நேரத்தில் வலையமைப்பு எவ்வளவு தளம்பலாக இருக்கிறது என்பதும் வெளியே வந்தது. அந்த வருடப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படியே கேட்டார்கள். அள்ளிக் கொடுக்கும் வெயிலை வாங்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டு, ராத்திரிக்கு டீசல் எரிக்கிறோம்.

ஆகவே உங்கள் வீட்டில் நேரம் மாற்றக்கூடிய வேலைகளைப் பட்டியலிடுங்கள். உடுப்புத் தோய்ப்பது, அயன் பண்ணுவது, தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவது, மா அரைப்பது, போன் லாப்டொப் சார்ஜ் போடுவது. இவற்றில் ஒன்றுக்கும் இரவு எட்டு மணி கட்டாயமில்லை. காலை 10க்கும் பின்னேரம் 2க்கும் இடையில் தள்ளுங்கள். பகலில் வீட்டில் ஆளில்லாத குடும்பம் என்றால் சனி, ஞாயிறு பகலுக்குச் சேர்த்துவையுங்கள். அதுவும் முடியாவிட்டால் இரவு 10.30க்குப் பிறகு. அப்போதும் நிலக்கரி எரியும், ஆனால் உச்ச நேரத்து எண்ணெய் தணிந்திருக்கும்.

சாதாரண வீட்டு மீட்டர் நேரத்தைப் பதியாது. ஏழு மணிக்கு அயன் பண்ணினாலும் பதினொரு மணிக்குப் பண்ணினாலும் பில் ஒன்றுதான். நேரத்தை மாற்றுவதன் பலன் காசாகத் தெரியாது, புகையில் மட்டும்தான். எனக்கு இந்தப் படி முக்கியமாகப் படுவது அதனால்தான்: இதைச் செய்கிறவர் காற்றுக்காகவே செய்கிறார். நேர அடிப்படையிலான கட்டணத்தை விருப்பத்தின் பேரில் கேட்டு வாங்கும் வழியும் வீட்டுப் பாவனையாளருக்கு இருக்கிறது. உங்கள் இணைப்புக்குப் பொருந்துமா என்று பகுதி அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள்.

படி 3: வெக்கையை வீட்டுக்குள் விடாதீர்கள்

திருமலையில் மின்சாரம் கூடுதலாகப் போவது வெக்கையை விரட்ட. இந்தப் படிக்குத்தான் நேரம் எடுத்துச் செய்யவேண்டும்.

வைகாசிக்குப் பிறகு அடிக்கும் கச்சான் காற்றை இங்கே தெரியாதவர் இல்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டி, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்பிவிட்டு, ஈரமில்லாமல் காய்ந்து நம் பக்கம் இறங்குகிறது. அதே காற்றுத்தான் அங்கே நீர்மின்னைத் தருகிறது, இங்கே மின்விசிறியைச் சுற்றவைக்கிறது. அந்த நாட்களில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும்.

கச்சான் அடிக்கும்போது மேற்கும் தென்மேற்கும் பார்த்த யன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாக இருக்கும்போது காற்றோட்டம் என்று திறந்துவிட்டால் அனலைத்தான் உள்ளே அழைக்கிறீர்கள். பின்னேரம் கடல்காற்றுத் திரும்பியதும் கிழக்குப் பக்கத்தைத் திறந்து, எதிர்ச்சுவரிலும் ஒரு வாசலைத் திறவுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வராது, போக வழி வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்து வைக்க நுளம்பு விடாது என்றால் யன்னலுக்கு வலை அடியுங்கள். வலை அடிக்க ஒருமுறை செலவு. ஏசிக்கு ஒவ்வொரு இரவும் செலவு.

கூரையைப் பாருங்கள். ஓட்டு வீடு என்றால் அதிர்ஷ்டம், ஓட்டிடைவெளியால் வெக்கை வெளியேறும். சீட் கூரைக்குக் கீழே தட்டி அடித்தால் நடுப்பகல் அனல் நேராகத் தலையில் இறங்காது. கொங்கிறீட் தட்டுப் போட்ட வீட்டில்தான் சங்கடம். பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை படுக்கையறைக்குள் திருப்பிக் கக்கும். இதற்கு மலிவான மருந்து மேல்தட்டுக்கு வெள்ளைப் பூச்சு. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைப் பூச்சுகள் ஹாட்வெயர் கடைகளில் கிடைக்கும். மாரிக்கு முன் பூசினால் காய நாள் போதாது, எனவே மாசி, பங்குனியில் செய்யுங்கள். கையில் காசில்லை என்றால் தட்டுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் கிடுகுப் பந்தல். நிழலும் இடையில் காற்றும் இருந்தாலே போதும். பின்னேர வெயில் விழும் மேற்குச் சுவருக்கு முன் ஒரு முருங்கையோ வேம்போ நின்றால் சில வருடத்தில் அது தரும் நிழலை எந்த மெஷினும் தராது.

இனி மின்விசிறி. பழைய கூரை மின்விசிறி ஒன்று 70, 80 வோட் எடுக்கும். நாளுக்கு 12 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 27 யுனிட். பி.எல்.டி.சி. மோட்டர் போட்ட புதிய வகை 30 வோட்டோடு அதே காற்றைத் தரும், மாதம் 11 யுனிட். ஒரு மின்விசிறியில் மட்டும் 16 யுனிட், அதாவது 8 கிலோ புகை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் சுற்றும் ஒன்றை முதலில் மாற்றுங்கள், பெரும்பாலும் அது படுக்கையறையில் இருக்கும். சுவரில் பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். வேகத்தைக் குறைத்தாலும் மிச்சத்தை அது சூடாக்கி வீணாக்குகிறது. சிறிய மின்னணு ரெகுலேட்டருக்கு மாறினால் அந்த இழப்பு நிற்கும். மின்விசிறி அறையைக் குளிராக்காது. மேலில் படும் காற்றால் வியர்வை காய்கிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் அது சுற்றுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஏசி இருக்கும் வீடுகளுக்கு: குளிராக்கும் வலு 12,000 பி.ரி.யு. என்று போட்ட ஒன்று ராத்திரிக்கு 5, 6 யுனிட் தின்னலாம். மாதம் 150க்கு மேல். வீட்டின் மற்ற எல்லாப் பொருட்களும் சேர்ந்தே சில வேளை அவ்வளவு வராது. 26 பாகையில் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். வெப்பநிலையை ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 5, 6 சதவீதம் மிச்சம். 18இல் வைத்தால் கெதியாகக் குளிரும் என்பது பலருடைய நம்பிக்கை. சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிராக்கும், 18க்கு வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். படுத்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் நிற்கும்படி டைமர் வைத்துவிடுங்கள். விடியப்புறம் இங்கே மின்விசிறியே போதும்.

கடற்கரை ஊருக்கு என்று ஒரு தனி வேலை உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஏசியின் வெளிப்பெட்டியைப் பின்பக்கத்தால் எட்டிப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகளில் உப்பும் தூசியும் சேர்ந்து வெள்ளை படர்ந்து, விரல் பட்டாலே சில இடங்களில் பொடிந்து விழும். வெக்கையை வெளியேற்றவேண்டிய இடம் அடைபட்டால் மெஷின் அதே குளிருக்குக் கூடுதல் நேரம் ஓடும். பிரேக்கரை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு தரம் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தமாக அடித்தால் தகடு மடங்கும். உள்பெட்டியின் வலையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுவதும் அதே அளவு முக்கியம்.

படி 4: பிரிஜ்

24 மணித்தியாலமும் ஓடும் ஒரே பெரிய பொருள் இது. சிறிய ஒரு கதவுப் பிரிஜ் நாளுக்கு ஒரு யுனிட்டுக்குள் நிற்கும். பழைய, ரப்பர் தேய்ந்த பெரிய பிரிஜ் இரண்டு யுனிட் எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வழுக்கி வந்தால் ரப்பர் போய்விட்டது, அதை மட்டும் மாற்றலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் பின்னேர வெயில் விழும் இடத்திலும் வைக்கவேண்டாம். பின்பக்கக் கம்பிச்சுருளில் தூசியைத் தும்புத்தடியால் தட்டுங்கள்.

நம் ஊர் வீடுகளின் பிரீசர் மீனால்தான் நிரம்பும். பாரை மலிந்த நாளில் ஐந்து கிலோ வாங்கி, ஒரே பையில் கட்டிப் போட்டுவிடுகிறோம். அந்தக் கட்டி உறைய ஒரு இராப்பகல் எடுக்கும், நடுவில் பழுதாகவும் கூடும். கழுவி வெட்டி, ஒரு நேரக் கறிக்கு அளவாகப் பிரித்து, பையைத் தட்டையாக அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு வையுங்கள். கெதியாக உறையும், இடமும் மிச்சம். நாளைக்குச் சமைக்க வேண்டியதை இன்றிரவே கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். அந்த உறைபனி கரையும்போது கீழ்த்தட்டைக் குளிர்விக்கும், மெஷின் ஓய்வெடுக்கும். குழாய்த் தண்ணீரின் கீழ் வைத்துக் கரைத்தால் அந்தக் குளிரும் போச்சு, தண்ணீரும் போச்சு.

பிரீசரில் சின்னிவிரல் தடிப்புக்குப் பனி கட்டினால் ஒருநாள் நிறுத்திக் கரைத்துவிடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகி உள்ளிருக்கும் வாயு வெளியேறினால், பழைய பிரிஜ்களில் அதன் கேடு நீங்கள் மிச்சம் பிடித்த புகையைவிடக் கூடவாக இருக்கலாம். சூடான கறியை ஆறவிட்டு வையுங்கள். புதிய பிரிஜ் வாங்கிய பிறகு பழையதை விறாந்தையில் சோடாவுக்கும் ஐஸுக்கும் என்று ஓடவிடும் வீடுகள் இருக்கின்றன. விசேஷ நாட்களில் மட்டும் அதைப் போடுங்கள்.

படி 5: கிணறும் மோட்டரும்

அரைக் குதிரைவலு மோட்டர் ஆயிரம் லீற்றர்த் தாங்கியை நிரப்ப அரை யுனிட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். தாங்கி நிரம்பி வழிவதும், நிரம்பாமலே மோட்டர் ஓடுவதும்தான் பிரச்சினை. வழிவதை மிதவைச் சுவிச் ஒன்று நிறுத்தும். ஒவ்வொரு நாளும் மோட்டரின் வாயில் தண்ணீர் ஊற்றித்தான் தொடங்கவேண்டியிருக்கிறதா? கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாமல் பிடிக்கும் புட்வால்வு கசிகிறது. ஆடி, ஆவணியில் கிணறு இறங்கும்போது இந்தக் கசிவு மோட்டரைக் காய்ந்த நிலையில் ஓடவைத்துப் பழுதாக்கும்.

கழிவறைச் சிஸ்டனுக்குள் இரண்டு துளி உடுப்பு நீலம் விட்டு, அரை மணித்தியாலம் கழித்துக் கோப்பையைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் ராத்திரி பகலாக நீங்கள் ஏற்றிய தண்ணீர் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

தண்ணீர் ஏற்றும் நேரம் முற்பகல் 11 மணி. குளியலறைக்கு ஹீட்டர் வாங்க யோசிப்பவர்களுக்கு ஒரு சொல்: கன்னியாவில் இயற்கையே வெந்நீர் ஊற்றெடுக்கும் மாவட்டம் இது, கூரைத் தாங்கித் தண்ணீரும் பின்னேரம் தானாகவே சுடும். 3,500 வோட் ஹீட்டர் பத்து நிமிடத்துக்கு அரை யுனிட்டுக்கு மேல் எடுக்கும். மார்கழிக் குளிருக்கும் வயதானவர்களுக்கும் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கலந்தால் போதும்.

படி 6: குசினி

ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 0.1 யுனிட். இரண்டு பிளேன்ரீக்கு ஒன்றேமுக்கால் லீற்றர்க் கேத்தலை நிரப்பினால் முக்கால் பங்கு வீண். காலையில் ஒருமுறை கொதிக்கவைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் அம்மாமாரின் பழக்கம்தான் இதில் சரியானது. ரைஸ்குக்கர் ‘வார்ம்’ நிலைக்கு விழுந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள், மூடியைத் திறக்காவிட்டால் சோறு ஒரு மணித்தியாலத்துக்குச் சூடாகவே இருக்கும். குத்தரிசியை அரை மணித்தியாலம் ஊறவிட்டால் வேகும் நேரம் குறையும்.

காஸை விட்டு மின் அடுப்புக்கு மாறினால் புகை குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது 37 கிலோ அளவில் காபனீரொட்சைட்டு வரும். அதன் வெப்பத்தில் பாதிதான் சட்டிக்குப் போகும். அதே சமையலை இன்டக்சன் அடுப்பில் செய்ய 95 யுனிட் அளவில் வேண்டும், அரைக் கிலோ கணக்கில் 47 கிலோ. இன்றைய மின்சாரத்தோடு பார்த்தால் இரவுச் சமையலுக்கு மாறுவதில் லாபமில்லை. மதியச் சமையல் வேறு. வெயில் கூடிய பகலில், அதுவும் கூரையில் சோலார் உள்ள வீட்டில், இன்டக்சன் அடுப்பு நல்ல தெரிவு. பகலுக்கு மின் அடுப்பு, இரவுக்குக் காஸ் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். எதில் சமைத்தாலும் சட்டியை மூடிச் சமைத்தாலே ஒரு பங்கு மிச்சம்.

படி 7: உடுப்பு

சுடுதண்ணீரில் தோய்க்கும் வாஷிங்மெஷினில் கரண்டைக் கூடுதலாகத் தின்பது சுற்றும் மோட்டர் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான். முன்கதவு மெஷின்களில் 40, 60 பாகை என்று தானாகவே தெரிவாகி நிற்கும். குளிர்தண்ணீருக்கு மாற்றிவிட்டு, மெஷின் நிரம்பும் வரை சேர்த்துப் போடுங்கள். காயவைக்க நம்மிடம் வெயிலுக்குக் குறைவில்லை.

பள்ளிக்கூட வெள்ளைச் சீருடைதான் அயன்பெட்டிக்குப் பெரிய வேலை. ஒவ்வொரு நாள் இரவும் ஒன்று என்று போடும்போது பெட்டி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடேறவேண்டும், அதுவும் உச்ச நேரத்தில். ஞாயிறு மதியம் ஐந்து நாளுக்குரியதையும் ஒரே இருப்பில் முடியுங்கள். கொடியில் காயும்போதே உதறி, தோளில் இழுத்துக் கிளிப் போட்டால் வீட்டு உடுப்புகளுக்கு அயனே தேவைப்படாது. கடைசி இரண்டு உடுப்புக்கு முன் சுவிச்சை நிறுத்துங்கள், மிச்சச் சூடு போதும்.

படி 8: சின்னச் சின்னவை

60 வோட் குமிழ் எங்காவது மிஞ்சியிருந்தால் 9 வோட் எல்.ஈ.டி. போடுங்கள். பழைய ரியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வோட் எடுக்கும், எல்.ஈ.டி. வகைக்கு 20 போதும். விளக்கு எரிவது பெரும்பாலும் உச்ச நேரத்தில் என்பதால் இந்த மாற்றத்துக்குப் பெறுமதி கூட. டிவியை ரிமோட்டால் நிறுத்தினாலும் டெகோடர் இரவு பகலாக 10, 15 வோட் எடுத்து மாதம் 7 தொடக்கம் 11 யுனிட் ஆக்கும். சுவரிலுள்ள சுவிச்சிலேயே நிறுத்துங்கள். போன் இல்லாத சார்ஜர் எடுப்பது கணக்கில் சேராத அளவு. அதற்காகப் பிள்ளைகளை ஏசவேண்டாம்.

படி 9: கூரையில் சோலார்

மேலே சொன்னதைச் செய்து பாவனையைக் குறைத்த பிறகே இதற்கு வாருங்கள். அப்போதுதான் சிறிய தொகுதி போதும். திருகோணமலை வெயிலில் ஒரு கிலோவோட் தகடு வருடச் சராசரியில் நாளுக்கு 4 யுனிட் அளவில் தரும். ஐப்பசி முதல் தை வரையான மாரியில் குறையும், அதை வைத்து ஏமாறவேண்டாம்.

வாங்குமுன் மூன்று விஷயத்தைக் கேட்டுத் தெளிவாகுங்கள். ஒன்று, தகடு தாங்கும் சட்டமும் ஆணிகளும் எதனால் ஆனவை என்பது. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு தாக்குப்பிடிக்காது, அலுமினியமோ தடித்த நாகப்பூச்சுள்ள இரும்போ, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளும் வேண்டும். இரண்டு, மின்வெட்டு நேரத்தில் என்ன நடக்கும் என்பது. பட்டரி இல்லாத தொகுதி, லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும். மூன்று, பகலில் மிஞ்சுவதை எந்த ஒப்பந்தத்தில், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பது. இது காலத்துக்குக் காலம் மாறுகிறது, கையெழுத்திடும் நாளின் நிலவரத்தை எழுத்தில் வாங்குங்கள். தகடு வைத்த பிறகும் இரவு எட்டு மணிக்கு ஏசி ஓடினால் அது எண்ணெய் எரித்த கரண்ட்தான். படி 2 சோலார் வீட்டுக்கும் பொருந்தும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம். மின்விசிறி, விளக்கு, பழக்கம் மூன்றும் வீடு மாறும்போது கூடவே வரும்.

எப்போது தொடங்குவது

வருடத்தில் மாசியிலிருந்து சித்திரை வரை மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் இறங்கியிருக்கும், வெப்பமும் ஏறும். நிலக்கரியும் எண்ணெயும் அதிகம் எரிவது அந்த மாதங்களில். அந்த மூன்று மாதத்துக்கும் தினசரி வாசிப்பைக் கட்டாயம் எழுதுங்கள். ஏசியும் அயனும் தோய்ப்பும் எந்த நேரத்தில் நடக்கின்றன என்றும் பக்கத்தில் குறியுங்கள்.

ஒரு மாதத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதல் மாதம் நேரங்களை மாற்றுங்கள், அதற்குக் காசு வேண்டாம். இரண்டாம் மாதம் டெகோடர், பிரிஜ், மோட்டர் பழக்கங்கள். மூன்றாம் மாதம் ஒரு மின்விசிறி. ஒவ்வொன்றுக்கும் பிறகு மாத யுனிட்டைப் போன வருடத்து அதே மாதப் பில்லோடு ஒப்பிடுங்கள், போன மாதத்தோடு வேண்டாம். கச்சான் மாதத்தையும் மாரி மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். பழைய பில் இல்லை என்றால் இந்த மாதத்து வாசிப்பை இன்றே எழுதிவையுங்கள், அடுத்த வருடம் தேவைப்படும்.